இரண்டு கோடித் தேர்வுகள்

கேள்வி: மின்சார எஸ்யூவி வாங்கப்போகிறேன். பிஎம்டபிள்யூ ஐஎக்ஸா, மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் எஸ்யூவியா? முடிவெடுக்க முடியாமல் ராத்தூக்கமே போச்சு!
– வாசகர், கோவை

பதில்: கொடுத்துவைத்த தூக்கமின்மை! முதலில் வீட்டில் தலைகளை எண்ணுங்கள். ஐஎக்ஸில் 5 பேர். 2024-ல் இந்தியாவுக்கு வந்த ஈக்யூஎஸ் 580 எஸ்யூவியில் 7 பேர். ஆனால், மூன்றாம் வரிசையில் மாமனாரை உட்காரவைத்துவிடாதீர்கள், உறவு முறியும். அது பேரப்பிள்ளைகளுக்கான இடம்.

'ஜெர்மன் கார்' என்று பீற்றிக்கொள்ள ஐஎக்ஸ்தான் சரி. டிங்கோல்ஃபிங் ஆலையில் தயாராகிக் கப்பலேறி வருகிறது. மெர்சிடிஸை இங்கே புனே அருகே சாக்கனிலேயே பூட்டுகிறார்கள்.

பேட்டரி? ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50-ல் 111.5 கிலோவாட் மணி, ஈக்யூஎஸ்ஸில் 122. வீட்டில் 7.4 கிலோவாட் சார்ஜரை ராத்திரி 8 மணிக்குச் செருகினால், காலி பேட்டரி நிரம்ப மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். தினம் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது பிரச்னையே இல்லை.

நாலு பேருக்குள் குடும்பம் என்றால் ஐஎக்ஸ். பட்டாளம் என்றால் ஈக்யூஎஸ். அபார்ட்மென்ட்வாசியா? ஷோரூமுக்கு முன்னால் அசோசியேஷன் செயலாளரைப் பாருங்கள். பார்க்கிங்கில் சார்ஜருக்கு அவர் தலையாட்டிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்!