சேனல் வேலைக்குப் போற பேராண்டிக்கு

ஏ பேராண்டி, டிவியில நிருபர் வேலை கெடச்சிருக்காமே! கழுத்துல அட்டை, கையில மைக்கு, பொண்ணு குடுக்க வரிசையில நிப்பாக. போறதுக்கு முந்தி இந்தக் கெழவன் சொல்றதயும் காதுல போட்டுக்க.

மொதல்ல ஒத்தக் கண்ண மூடிப் பழகு. எந்தக் கண்ணுன்னு மொதலாளியக் கேட்டுக்க. 2001 ஜூன் 30, விடியுறதுக்குள்ள கலைஞரப் புடிச்சிட்டுப் போனாகல்ல? அவருக்கு அப்ப 77 வயசு. சன் டிவியத் திருப்புனா, வயசாளியப் போலீசு இழுக்குது, அவரு அலறுறாரு. ஜெயா டிவியத் திருப்புனா, மத்திய மந்திரிமாரு போலீசோட மல்லுக்கு நிக்காக. வீடும் ஒண்ணு, ராத்திரியும் ஒண்ணு. ரெண்டயும் பாத்தவந்தான், நடுவுல என்ன நடந்திருக்கும்னு தானா ஒட்டுப் போட்டுக்கிட்டான்.

அப்புறம் 2006ல வந்த ஆட்சி கலர் டிவிப் பொட்டிய ஓசியில குடுத்துச்சு. 2011ல வந்த ஆட்சி மாசம் 70 ரூவாய்க்கு அரசு கேபிள் இழுத்துச்சு. பொட்டி அவுகளது, வயரு இவுகளது, கரண்டு பில்லு மட்டும் என்னது!

தூர்தர்ஷன் பொதுச்சொத்தாச்சேம்பே. ஆமாமா, 1990லயே சட்டம் போட்டு, 1997ல பிரசார் பாரதின்னு தனியாக் குடிவச்சாக. சம்பளம் மட்டும் டெல்லி சர்க்காருதான் குடுக்கு. தனிக்குடித்தனம், ஆனா சாப்பாடு மாமியார் வீட்டுல.

1987ல ஆனந்த விகடன் அட்டையில எம்எல்ஏ, மந்திரிமாரக் கிண்டல் பண்ணி ஒரு சிரிப்புப் படம். அதுக்கு ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூணு மாசம் செயிலுன்னு சட்டசபை தீர்ப்பே சொல்லிருச்சு. ஊரே சத்தம் போட்டதுல சீக்கிரமே விட்டாக. மனுசன் விடல, கோர்ட்டுக்குப் போயி ஆயிரம் ரூவா நஷ்டஈடு வாங்குனாரு. இப்ப யாருக்கு அந்தக் கஷ்டம்? சர்க்காரு விளம்பரத்த நிறுத்துனாப் போதும், மறுநாளே மொதலாளிக்கு நாட்டுப்பற்று வந்துரும்.

பிரஸ் மீட்டுக்குப் போனா மைக்க நீட்டு, கேள்விய நீட்டிராத. முடிஞ்சதும் கவரு ஒண்ணு நீட்டுவாக. பிரியாணி வேணும்னா தின்னுக்க, செரிச்சிரும்; கவரு செரிக்காது.

இவ்வளவும் கேட்டுட்டு நீ மண்டைய ஆட்டுறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. நம்மூரு ரேஷன் கடைக்குப் பருப்பு வந்து எம்புட்டு நாளாச்சு, ஏன் வரலன்னு ஒரு நாளு கேமராவோட வந்து கேளு. அத உன் சேனல்ல போடச் சொல்லு. போட்டாகன்னா, நிருபரு வாரான்னு எந்திரிச்சு நின்னு பெஞ்சுல எடம் விடுறேன்.