பசிக்கு ஒரு கதவு

எகிப்தியக் கல்லறைகளுக்குள் திறக்கவே முடியாத கல் கதவு எதற்கு? செத்த பிறகு யார் வந்து தட்டப்போகிறார்கள்?

தட்ட யாரும் வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்தான் வெளியே வருவார், சாப்பாட்டுக்கு! சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய அந்தப் பொய்க்கதவு, இறந்தவரின் 'கா' என்னும் உயிர்ச்சக்தி வந்துபோகும் வழி. மேலே ஒரு பலகைச் சிற்பம்: ரொட்டித் துண்டுகள் அடுக்கிய மேசைக்கு முன்னால் இறந்தவர் உட்கார்ந்து கை நீட்டிக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே 'ஆயிரம் ரொட்டி, ஆயிரம் பீர், ஆயிரம் காளை' என்று எழுத்திலேயே பந்தி! எகிப்தின் சக்காராவில் மெரெருகா என்பவரின் கல்லறையில் அவருடைய சிலையே, சாப்பிட வெளியே வருவதுபோல, சுமார் 4,300 ஆண்டுகளாக ஒரு காலை முன்வைத்தபடி மாடத்தில் நிற்கிறது.

பிள்ளைகள் படையலை மறந்துவிடுவார்கள் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. அதனால்தான் சில கல்லறைகளில் வழிப்போக்கருக்கே வேண்டுகோள்: கையில் ஒன்றும் இல்லையா, வாயால் சொல்லியாவது படைத்துவிட்டுப் போங்கள்!