காகிதவல்லி

நீங்கள் புதுச் சட்டை வாங்கி வந்த செய்தி காதில் விழுந்ததும், "என்ன கலர்?" என்று கேட்காமல், "காலருக்கு உள்ளே ஒரு அட்டை வெச்சிருப்பானே, அதைத் தூக்கிப் போட்டுடலையே?" என்று பதறுகிறவர் யாராவது உங்கள் குடியிருப்பில் உண்டா? உண்டென்றால் அவர்தான் காகிதவல்லி. பெற்றோர் வைத்த பெயர் வேறாக இருக்கும். வாழ்த்து அட்டை, டைரி, அதற்கு உறை, உறைக்கு ஒரு ரிப்பன் என்று எல்லாவற்றையும் தம் கையாலேயே செய்து ஊருக்கெல்லாம் கொடுக்கும் கூட்டத்துக்கு நான் வைத்திருக்கும் பொதுப் பெயர் இது.

காகிதவல்லியின் வீட்டுக்குப் போனால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். சோபாவில் பசை காய்ந்துகொண்டிருக்கும். பீரோவில் பட்டுப்புடவை இருக்க வேண்டிய தட்டில் கனத்த அட்டைகள் நிறவாரியாக அடுக்கியிருக்கும். புடவைகள் கட்டிலுக்கு அடியில், சூட்கேஸில். வளையல் ஸ்டாண்டில் வளையல் கிடையாது. வரிசையாக வாஷி டேப் கோத்திருக்கும். இந்த வாஷி டேப்புக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் கமோய் என்ற நிறுவனம் முதலில் ஈ ஒட்டும் காகிதம் செய்துகொண்டிருந்தது. அப்புறம் பெயிண்ட் அடிக்கிறவர்கள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் காகித டேப் செய்தது. 2008-ல் அதே டேப்பில் நிறமும் பூவும் கோடும் போட்டு விற்க ஆரம்பித்தது. ஈக்கள் பிழைத்துக்கொண்டன. காகிதவல்லி மாட்டிக்கொண்டார்.

வாங்கிய டேப்பை அவர் உபயோகிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உபயோகித்தால் தீர்ந்துவிடும். ஒட்டுவதற்கென்று சுமாரான டேப் தனியாக உண்டு. நல்லது எல்லாம் பார்த்து ரசிக்க.

கொள்முதலுக்கு அவர் போகுமிடம் பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு. சென்னைக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்கவும் காகிதம் வாங்கவும் போகிற தெரு அது. மொத்த வியாபாரம். கடைக்காரர் 500 தாள் கொண்ட ரீம் கணக்கில் பேசுவார். காகிதவல்லி, "அந்த நீலத்துல ரெண்டு ஷீட், இந்தப் பச்சையில ஒண்ணு" என்பார். கடைக்காரர் ஒரு முறை பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போவார். அவர் வருவதற்குள் இவர் அங்கே கட்டி வைத்திருக்கும் தாள்களையெல்லாம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கண்ணை மூடித் தேய்த்துப் பார்த்துவிடுவார். "இது 250 ஜிஎஸ்எம். மடிச்சா நிக்கும். அது 120. உள்பக்கத்துக்குத்தான் ஆகும்." சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற அந்தக் கணக்கைத் தராசில்லாமல் சொல்கிறவர், வீட்டில் துவரம்பருப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் திகைப்பார்.

கூடப் போன கணவரின் பாட்டை யாரும் எழுதியதில்லை. புடவைக் கடையில் ஆண்களுக்கு ஸ்டூல் போடுவார்கள், சில இடங்களில் காபிகூட வரும். ஆண்டர்சன் தெருவில் மீன்பாடி வண்டிக்கும் கடைப் படிக்கும் நடுவே ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், கையில் சுருட்டிய அட்டையோடு. மடங்கிவிட்டால் போச்சு.

பாண்டிச்சேரிக்குப் போனால் கடற்கரை அப்புறம்தான். அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் முதலில். கையால் செய்யும் காகிதத்துக்குப் பருத்திக் கந்தல் அருமையான மூலப்பொருள் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து கொடியில் காயும் தம் பனியன்களைக் கணவர் எண்ணி எடுத்து வைக்கிறார்.

புதுக் காகிதம் வாங்கியாகிவிட்டது அல்லவா? அடுத்த வேலை அதைப் பழைய காகிதமாக்குவது. நூறு வருஷம் பரணில் கிடந்த மாதிரி பழுப்பேற வேண்டுமாம். அதற்குக் காபி டிகாக்‌ஷன்தான் சரி. அகலமான தட்டில் டிகாக்‌ஷனை ஊற்றி, தாள்களை ஒவ்வொன்றாக முக்கி, மொட்டை மாடியில் வடாம் காயப் போடுகிற வேட்டியில் பரப்பிவிடுவார். அந்த வீட்டில் முதல் டிகாக்‌ஷன் ஏ-4 தாளுக்கு. கணவருக்கு இரண்டாவது. "காபி தண்ணியா இருக்கே" என்று அவர் ஒரு நாள் சொன்னதற்கு, "நல்ல டிகாக்‌ஷனை வீணாக்கச் சொல்றீங்களா?" என்று பதில் வந்தது.

தங்க எழுத்து எம்பாஸிங் நடந்த தினத்தை அந்த வீட்டார் இன்னும் பேசுகிறார்கள். ஒட்டுகிற மையில் முத்திரை குத்தி, ஈரம் காய்வதற்குள் அதன்மேல் பொன்னிறப் பொடியைத் தூவி, சூடு காட்டினால் பொடி உருகிப் பளபளவென்று எழும்பி நிற்கும். சூடு காட்ட ஹீட் கன் வேண்டும். அது இன்னும் வந்து சேரவில்லை. ஹேர் டிரையர் இருந்தது. ஹேர் டிரையரில் பொடி உருகும் அளவுக்குச் சூடு கிடையாது. ஆனால் காற்று தாராளம். அன்று ராத்திரி சாம்பாரில் ஒரு மினுமினுப்பு இருந்ததாகவும், மாமனார் அதைப் புது மசாலா என்று நினைத்துப் பாராட்டியதாகவும் கேள்வி.

இதையெல்லாம் மன்னிக்கலாம். பத்திரிகை வைக்க வருகிறவர்களை அவர் வரவேற்கும் அழகுதான் தனி. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை நீட்டி, "கண்டிப்பா குடும்பத்தோட முதல் நாளே வந்துடணும்" என்பார்கள். இவர் இரண்டு கையாலும் வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "இது ஃபாயிலா, ஸ்க்ரீன் பிரிண்டிங்கா?" என்பார்.

"எங்க சம்பந்தி வீட்ல அடிச்சாங்க. பையன் பெங்களூர்ல..."

"ஓரத்துல லேசர் கட்டிங்! உள்ள கண்ணாடி மாதிரி வெல்லம் பேப்பர் வேற வெச்சிருக்காங்க பாருங்க!"

பையன் பெங்களூரில் என்ன செய்கிறான் என்பது கடைசிவரை கேட்கப்படுவதில்லை. விருந்தாளிகள் லிஃப்டுக்குள் போகும்போதே கத்தரி எடுத்தாகிவிடும். மேலே அச்சிட்டிருக்கும் பிள்ளையாரைத்தான் முதலில் பத்திரமாக வெட்டி எடுப்பார். குப்பையில் போட மனசு வராது. யாருடைய பிறந்தநாள் அட்டையிலும் ஒட்டவும் தயக்கம். ஆகவே பிள்ளையார் ஒரு பிஸ்கெட் டப்பாவுக்குள் போய்விடுவார். சின்னதும் பெரிதும், தங்கமும் வெள்ளியுமாக அந்த டப்பாவில் இருக்கும் பிள்ளையார்களை அரச மரத்தடிகளில் பிரித்து வைத்தால் தாம்பரம் வரை வரும்.

ஒரு பத்திரிகையில் அருமையான மயில். தோகை ஒரு இழை கெடாமல் வெட்டி எடுத்தார். கல்யாணத்தன்று காலை கிளம்பும்போதுதான் தெரிந்தது, மண்டபத்தின் பெயர் மயிலுக்குப் பின்பக்கத்தில் இருந்தது என்று. மயிலோ அட்டையில் ஒட்டியாகிவிட்டது, பிரித்தால் கிழியும். மிச்சப் பத்திரிகையில் '...மஹால், ஜி.எஸ்.டி. ரோடு' என்று மட்டும் இருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் மஹால் என்று முடியாத மண்டபத்தைத் தேடுவதுதான் கஷ்டம். ஒவ்வொரு வாசலிலும் காரை நிறுத்தி, பேனரில் மாப்பிள்ளை முகம் பார்த்து, நகர்ந்து, நிறுத்தி... மூன்றாவது மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. பேனரில் இருந்தது வேறு மாப்பிள்ளைதான். ஆனால் கணவர் அதற்கு மேல் தேடுவதாக இல்லை.

அடுத்த வாரம் கல்யாண வீட்டுக்கே நேரில் போய் வாழ்த்து அட்டையைக் கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. இந்த மயிலை மட்டும் எங்கேயோ பார்த்த ஞாபகம்..."

முத்திரைகள் தனி அத்தியாயம். ஆரம்பத்தில் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பூ, உருளைக்கிழங்கைச் செதுக்கி இலை என்று சமையலறையோடு நின்றிருந்தது. (அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டு வெண்டைக்காய்ப் பொரியல் ஊதாவும் சிவப்புமாக இருக்கும்.) பிறகு ரப்பருக்கு மாறினார். தாலுகா ஆபீஸ் வாசலில் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவரிடம் போய்ப் படத்தை நீட்டினார். அவர் வாழ்நாளெல்லாம் 'உண்மை நகல்', 'ரத்து செய்யப்பட்டது', 'உதவிச் செயற்பொறியாளர்' என்று செய்து வந்தவர்.

"என்னம்மா இது?"

"பட்டாம்பூச்சி."

"சரி. கீழ டெசிக்னேஷன் என்ன போடணும்?"

தபால் ஆபீஸ் போனதையும் சொல்லிவிடுகிறேன். இவருடைய அட்டை சாதாரணமாக உறைக்குள் அடங்காது. உள்ளே பட்டன் இருக்கும், காய்ந்த போகன்வில்லா இருக்கும், ஃபோம் டேப்பில் தூக்கி நிற்கும் யானை இருக்கும். 20 கிராம் வரை 5 ரூபாய்த் தபால்தலை போதும் என்கிற சட்டமெல்லாம் யானையை நினைத்துப் போட்டதல்ல. கவுன்டர் ஊழியர் எடை போட்டு, தபால்தலையை வாங்கி ஒட்டச் சொல்லி, தேதி முத்திரையை ஓங்கினார்.

"சார், சார், மெதுவா! உள்ள த்ரீ-டி!"

தட். மை இன்னும் ஈரம். காகிதவல்லி சண்டைக்குத் தயாராகக் கம்பிக்குள் தலையை நீட்டினார். நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். "எவ்வளவு ஷார்ப்பா விழுந்திருக்கு! இது என்ன இங்க் சார்? எங்க வாங்கறீங்க?" பின்னால் வரிசையில் மணியார்டர் பாரத்தோடு நின்ற பெரியவர்தான் பாவம்.

ஆண்களில் இந்த வகை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அவர் எதையும் செய்ய மாட்டார். கட்டிங் மேட், ஸ்டீல் ஸ்கேல், ஏழு விதக் கத்தி வாங்கி மேஜையில் வரிசையாக வைத்துப் படம் எடுப்பார். அதோடு சரி.

இவ்வளவு பாடுபட்ட அட்டை நம் கைக்கு வந்ததும் என்ன ஆகிறது? ரிப்பனை அவிழ்க்க வேண்டும். ஒரு நாக்கை இழுத்தால் ஒரு கதவு திறக்கும், கதவுக்குள் ஜேபி, ஜேபிக்குள் ஒரு சீட்டு, சீட்டை இழுத்தால் நாலு பக்கமும் விரிந்து விழும். மறுபடி மூட வராது. விரித்ததையெல்லாம் தேடிப் பார்த்தாலும் எங்கேயும் ஒரு வரி இருக்காது. காகிதவல்லியைக் கேட்டால் சொல்வார்: "என்ன எழுதறதுன்னு நாலு நாள் யோசிச்சேன். என் கையெழுத்து வேற கோணல். இவ்வளவு செஞ்சுட்டு அதுல எழுதிக் கெடுப்பாங்களா?"

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் குறை வாழ்த்து அட்டைக்குப் பிறவியிலேயே வந்தது. லண்டனில் ஹென்றி கோல் என்று ஒருவர். இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் போகிற ஏற்பாடு வந்தபோது அதற்காக உழைத்தவர்களில் ஒருவர். தபால் மலிவானதும் ஊரே கடிதம் எழுத ஆரம்பித்தது. அவருக்கே பதில் எழுதி மாளவில்லை. 1843-ல் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் போடச் சொல்லி, கிறிஸ்துமஸ் வாழ்த்தையும் அதிலேயே அச்சிட்டு, சுமார் ஆயிரம் பிரதி எடுத்தார். தமக்குப் போக மிச்சத்தை அட்டை ஒரு ஷில்லிங் என்று விற்றார்கள். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை எழுதச் சோம்பல்பட்டதால் பிறந்தது. நாமும் சளைத்தவர்களா? மார்கழி பிறந்ததும் கடைகளில் கயிறு கட்டித் தொங்கிய சிவகாசிப் பொங்கல் வாழ்த்துகளில், எம்.ஜி.ஆர். படமோ ரஜினி படமோ கரும்பும் மாடுமோ பார்த்து வாங்கி, அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே 'மற்றும் குடும்பத்தினர்' என்று கையெழுத்துப் போட்டவர்கள்தானே. கோல் எழுதும் நேரத்தை மிச்சம் பிடித்தார். காகிதவல்லி அதைப்போல் பத்து மடங்கு செலவழித்து, எழுதாமல் விடுகிறார்.

டைரிகளின் கதி இன்னும் மோசம். தாளின் இழை ஓடும் திசை பார்த்து மடித்து (குறுக்கே மடித்தால் முதுகு வெடிக்கும் என்பார், உண்மைதான்), நூலை மெழுகுவர்த்தியில் இழுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய கலம்காரித் துணியில் அட்டை போட்டு அவர் கொடுக்கும் டைரியில் யாருக்கு எழுதக் கை வரும்? அவரிடமிருந்து வாங்கியவர்கள் எல்லோரும் ஷோ-கேஸில் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று அப்படித்தான் இருந்தது, என் அம்மாவின் கண்ணில் படும்வரை. அம்மா அதில் பால் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் காகிதவல்லி வந்தபோது அது ஃபிரிட்ஜ் மேல், ரப்பர் பாண்ட் போட்டு, பால்பாயின்ட் பேனா செருகி இருந்தது. எடுத்துத் திறந்தார். டிகாக்‌ஷனில் முக்கி வெயிலில் காய வைத்த பக்கங்களில் '3ந் தேதி அரை லிட்டர், 4ந் தேதி ஒண்ணு, தயிருக்கு' என்று ஓடியது. நான் மெல்ல அடுத்த அறைக்கு நழுவலாமா என்று பார்த்தேன்.

அம்மாவோ கொஞ்சமும் அசரவில்லை. "நல்ல தாளும்மா, மை ஊறவே இல்லை. தீரப் போகுது. இன்னொண்ணு போட்டுக் குடேன்."

அவர் செய்ததை ஒருவர் எழுதித் தீர்த்து இன்னொன்று கேட்பது அதுவே முதல் தடவை போலிருக்கிறது. ஒன்றும் பேசாமல் போனார். பத்து நாளில் புது டைரி வந்தது. பால் கார்டு வைக்க ஜேபி, சில்லறைக்கு ஒரு உறை, பால்காரர் சைக்கிள், மணி, வைக்கோற்போர், பக்கத்துக்குப் பக்கம் தாளை அடைத்துப் பசு முத்திரை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். எழுத இடமே இல்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, ஓரமெல்லாம் தேடிவிட்டு, கொஞ்சம் வெள்ளையாகத் தெரிந்த பசுவின் வயிற்றில் எழுதினார்: 'இன்று பால் இல்லை.'