போட்டைக் கொண்டாங்க, அளவு எடுக்கணும்

பொழிச்சலூரில் சொந்தப் படகு வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் தெரிவிக்கவும், சங்கம் அமைக்கலாம்.

படகை வாங்கியது நானல்ல, மச்சான். அவர் குடியிருப்பது குரோம்பேட்டையில் இரண்டாம் மாடி. இரண்டாம் மாடிக்காரருக்குப் படகு எதற்கு என்று கேட்க முடியாது, மனைவியின் அண்ணன். முட்டுக்காட்டுப் பக்கம் யாரோ பண்ணை வீட்டைக் காலி செய்தபோது பத்தடி ஃபைபர் படகு மலிவாகக் கிடைத்திருக்கிறது. குட்டி யானையில் ஏற்றிவந்து எங்கள் வீட்டு போர்டிகோவில் இறக்கிவிட்டார். "அடுத்த வெள்ளத்துல எனக்கு நன்றி சொல்வீங்க மாப்ள" என்றார். அன்றிலிருந்து ஸ்கூட்டர் தெருவில் நிற்கிறது.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் வந்தது. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராக ஆட்களை மீட்டார்கள். என் மனைவி மதில்மேல் நின்று, படகில் கால் வைக்கும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "பரவால்லம்மா, போட்டுக்கினே ஏறுங்க" என்றார் படகுக்காரர். அந்த நாள்களில் எங்கள் ஊரை ஒட்டிய விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள். தலைக்கு மேல் விமானம் பறக்காததால் எங்கள் ஊர்க்காரர்கள் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டது அப்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மறுபடியும் தெருவில் தண்ணீர். ஆகவே படகு நியாயம்தான். ஆனால் படகு நடக்காது. போர்டிகோவிலிருந்து தெருமுனைவரை அதைக் கொண்டுபோக நான்கு ஆள் வேண்டும். வெள்ள நேரத்தில் நான்கு ஆளுக்கு எங்கே போவது? சக்கரம் வைத்த வண்டி ஒன்று வேண்டும்.

மகன் பெங்களூரிலிருந்து போனில், "ஆன்லைன்ல தேடுங்கப்பா, போட் டிரெய்லர்னு போடுங்க" என்றான். போட்டேன். முதலில் வந்தவர் யோகி பாபு. சிம்புதேவன் இயக்கத்தில் 2024 ஆகஸ்டில் 'போட்' என்று ஒரு படம் வந்திருக்கிறது, அதன் டிரெய்லர். முழுதும் பார்த்தேன். 1943இல் குண்டுக்குப் பயந்து சென்னையை விட்டுக் கடலுக்குள் ஓடுகிறவர்களின் கதை. அவர்களுக்கும் கரையில் வண்டி இருந்த மாதிரி தெரியவில்லை. அடுத்து வந்தது முழுக்க இயர்போன். அந்தக் கம்பெனியின் பெயரும் போட். மூன்றாவதாக அசல் டிரெய்லர் வந்தது, அமெரிக்காவில், டாலரில். கார் பின்னால் மாட்டி இழுக்கிற ரகம். நம் ஊரில் மோட்டார் வாகனம் இழுத்தால் அந்த டிரெய்லரும் 1988ஆம் வருடச் சட்டப்படி ஒரு வாகனம். அதற்கும் பதிவு எண் வேண்டும். படகுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் கையால் தள்ளுகிற அலுமினிய வண்டி ஒன்று கிடைத்தது. 6,999 ரூபாய். நாலரை நட்சத்திரம். ஆர்டர் செய்தேன். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கிற 'ழ'வை ஆங்கிலத்தில் அவரவர் மனசுக்குத் தோன்றியபடி எழுதுவதால், பொருள் வருகிற நாளில் டெலிவரி தம்பி மூன்று முறை போன் செய்தார். "சனீஸ்வரன் கோவில் தெரியுமாப்பா?" "தெரியும் சார், அங்கதான் நிக்கறேன்." அதை அகஸ்தீஸ்வரர் கோவில் என்றால் ஒருவருக்கும் புரியாது. வட திருநள்ளாறு என்று பெயர் வாங்கிய இடம். சனிக்கிழமையானால் எள் தீபக் கூட்டம் தாங்காது.

பிரித்துப் பூட்டி, படகை ஏற்றி, கேட்டைத் தாண்டினோம். முதல் வேகத்தடையில் வண்டி கால் பரப்பி உட்கார்ந்துவிட்டது. நட்சத்திரம் கொடுத்தவர்கள் ஊரில் வேகத்தடை இல்லை போலிருக்கிறது. திருப்பி அனுப்பலாமென்றால், வாடிக்கையாளர் சேவைப் பெண் கனிவாகக் கேட்டாள்: "சார், ப்ராடக்ட் மேல தண்ணி பட்டிருக்கா?" படகு வண்டிம்மா அது, என்றேன். "தண்ணி பட்டிருந்தா ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்." உண்மையில் படவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வாதாட வாயே எழவில்லை.

பம்மலில் ஒரு வெல்டிங் பட்டறை. அண்ணன் கேட், கிரில், மீன்பாடி வண்டி எல்லாம் செய்வார். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "செஞ்சுடலாம் சார், போட்டைக் கொண்டாங்க, அளவு எடுக்கணும்" என்றார்.

"போட்டைக் கொண்டு வர்றதுக்குத்தான் அண்ணே வண்டி கேக்கறேன்."

சற்று யோசித்தார். "அப்ப டீயாச்சும் சொல்லுங்க."

சாயங்காலம் டேப்போடு வீட்டுக்கே வந்தார். படகைத் தட்டிப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப், அதன் மேல் பழைய டயர் துண்டு, புதுப்பேட்டையில் எடுத்த ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு. "கார்ல மாட்ட கொக்கி வேணாம் சார், கைப்பிடி போதும்" என்று ஆர்.டி.ஓ. பிரச்சினையையும் ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டார். விலை சொல்ல வாயைத் திறக்கும்போது விமானம் இறங்கியது. எனக்கு மூவாயிரத்து ஐந்நூறு என்று கேட்டது, தலையாட்டினேன். அவர் சொன்னது நாலாயிரத்து ஐந்நூறாம். பொழிச்சலூரில் பேரம் பேசுகிறவர்கள் விரல் விட்டுக் காட்டச் சொல்வது நல்லது.

நாளைக்கு என்றார். பதினோரு நாளைக்கு அப்புறம் வந்தது. எட்டாம் நாள் நேரில் போய்ச் சத்தம் போட்டேன். அந்த வசதி 6,999 ரூபாயில் கிடைக்கவில்லை. செங்காவி ரெட் ஆக்சைடு மணத்தோடு அவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்த நாள் சனிக்கிழமை. மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். "இரும்பு. சனிக்கிழமை. இந்த ஊர்ல." நான்கு சொல். வண்டி அன்று இரவு தெருவில் படுத்தது.

அங்கேதான் அதற்குப் பழக்கம் பிடித்தது. படகு ஏற்றிய வேகத்தடைப் பரீட்சையில் அது பாஸ். ஆனால் படகுக்கு அப்புறம் வேலையே வரவில்லை. வண்டிக்கு ஓய்வில்லை. எதிர்வீட்டுக் கேஸ் சிலிண்டர், இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள், பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், யார் வீட்டிலோ மாறிய பீரோ. மச்சான் போன் செய்தால், "படகு எப்படி இருக்கு?" என்று கேட்பார். துணி காய்கிறது அதில், சொல்வதில்லை.

போன வாரம் காலையில் பார்த்தால் வண்டியைக் காணோம். எடுத்துப் போனவர் நம் தெருக்காரராகத்தான் இருப்பீர்கள், இதைப் படிப்பீர்கள். வேலை முடிந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.