பஞ்சாங்கத்தின் கைவரிசை

பாஸ்வேர்டு கேட்கும் திரை வந்ததும் கீபோர்டு மௌன விரதம் பூண்டது. மவுஸ் ஓடுகிறது, நம் லாக் விளக்கு எரிகிறது, எழுத்து மட்டும் விழவில்லை. பயாஸுக்குள் போனால் அதே கீபோர்டு அம்புக்குறியைச் சமர்த்தாக நகர்த்துகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை போலும்.

வேறு யுஎஸ்பி ஓட்டையில் சொருகினேன். கவிழ்த்துத் தட்டியதில் ஓமப்பொடியும் ஒரு வறுத்த கடலையும் விழுந்தன. ஊதிவிட்டுக் கடலையைத் தின்றேன். “ஷட் டவுன் வேணாம்ப்பா, ரீஸ்டார்ட் பண்ணுங்க” என்றான் மகன். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் என்பது அரைத்தூக்கம்தானாம். அரசு அலுவலக மதியம் மாதிரி. ரீஸ்டார்ட்டும் ஆயிற்று, பலனில்லை.

கடைசியில் மாட்டியது பஞ்சாங்கம். நல்ல நேரம் பார்த்துவிட்டு அதைக் கீபோர்டின் மேலேயே வைத்திருந்தேன். விண்டோஸில் வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்தியபடி இருந்தால் ஃபில்டர் கீஸ் தலைகாட்டும். கை நடுங்குகிறவர்களுக்கான நல்ல வசதி. சட்டென்று தட்டுவதைத் தவறென்று தள்ளிவிடும். அது கேட்ட கேள்விக்குப் படிக்காமலே ‘ஆம்’ கொடுத்த புண்ணியவான் நான்தான்.

திரையின் வலது மூலையிலுள்ள சின்னத்தைச் சொடுக்கி அணைத்திருக்கலாம். அது தெரியுமுன், அங்கேயே இருந்த திரைக் கீபோர்டில் மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினேன். பின்னால் நின்ற குடும்பமே எழுத்துக்கூட்டிப் படித்தது.

“யாருங்க அது சுலோச்சனா?” என்றாள் மனைவி.