மெஷினுக்கு மட்டும் மரியாதை

தருமபுரியில் பொறியியல் படித்துவிட்டு ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு பஸ் ஏறிய பிள்ளைக்கு, முதல் நாள் டீம் லீட் தரும் பயிற்சி ஒரே வரிதான்: "தம்பி, கோடு எல்லாம் அங்க இருக்கு, பாத்துக் கத்துக்கோ." எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எதைத் தொடவே கூடாது என்றெல்லாம் எழுதித்தர யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இப்போது ஏஐ வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. நேரமும் எங்கிருந்தோ வந்துவிட்டது! 'ஏஜென்ட்ஸ்.எம்டி' என்று ஒரு கோப்பு, அதில் பக்கம் பக்கமாக உபதேசம். எலிக்ஸிர் மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஃபீனிக்ஸில், 2025-ல் வந்த 1.8 வெர்ஷன் புது புராஜெக்ட் தொடங்கும்போதே அதைக் கையில் கொடுத்துவிடுகிறது: எச்டிடிபிக்கு ஏற்கெனவே இருக்கிற 'ரெக்' லைப்ரரி போதும், 'எச்டிடிபாய்சன்', 'டெஸ்லா' பக்கம் போகாதே. எலிக்ஸிர்காரர்களிடம் 'யூசேஜ் ரூல்ஸ்' என்றே ஒரு பேக்கேஜ் உண்டு. மற்ற பேக்கேஜ்களின் விதிகளைத் திரட்டித் தருவது அதன் வேலை. ஆக, டிபெண்டன்சிகளைக் கட்டி மேய்க்க இன்னொரு டிபெண்டன்சி.

சொல்லாமல் விட்டாலும் வம்புதான். இல்லாத பேக்கேஜுக்குப் பெயர் சூட்டி, இன்ஸ்டால் செய்யவும் சொல்லிவிடும் அந்த மெஷின். அந்தப் பெயரை யாராவது திருடன் முந்திப் பதிவு செய்து வைத்திருந்தால் தீர்ந்தது கதை.

எழுதிவைத்தால் கேட்குமா? ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. மீறினால் கேட்க ஆள் உண்டு. இந்தக் கோப்புக்கு ஆள் யார்? அதனால் அதே விதியை மறுபடி கொட்டை எழுத்தில் அடிக்கிறார்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்தக் கோப்பைத்தான் சத்தமில்லாமல் திறந்து படிக்கிறார்களாம். ஆபீஸில் உருப்படியாக எழுதப்பட்ட ஆவணம் அது ஒன்றுதானே!