பெயர் சொல்லத் தெரியாத குழந்தை

சமயபுரத்தில் வளர்ந்தவனுக்குப் பெயர்ச்சொல்லில் தடுமாற்றம் வருவதற்கு நியாயமே கிடையாது. நால்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மாரியம்மன் கோயில் வாசலுக்கு நடப்பதற்குள் நன்னூல் சொல்லும் ஆறு வகையும் கண்ணில் பட்டுவிடும். தேங்காய், வேப்பிலை, அக்கினிச்சட்டி எல்லாம் பொருட்பெயர். கண்ணனூர், இனாம் சமயபுரம், மண்ணச்சநல்லூர் எல்லாம் இடப்பெயர். மாசி, பங்குனி, சித்திரை என்று காலப்பெயர். நேர்த்திக்கடனுக்கு விற்கும் வெள்ளித்தகட்டில் கண், கை, கால் என்று சினைப்பெயர், அதுவும் தனித்தனி விலையோடு. எலுமிச்சையின் புளிப்பு பண்புப்பெயர். தொழிற்பெயருக்கு எங்கும் போக வேண்டாம். எங்கள் பெரிய திருவிழாவே 'பூச்சொரிதல்'தான். ஊரே கூடித் 'தல்' விகுதியைக் கொண்டாடுகிறது.

இத்தனையும் காலடியில் கிடக்க, பரீட்சையில் 'இலக்கணக்குறிப்பு தருக' என்ற கேள்வியைத் தொடாமல் எழுந்து வருவதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பரம்பரை வழக்கமாக இருந்தது.

நன்னூலுக்கும் எங்கள் ஊரின் ராஜ வாழ்வுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 13-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், சீயகங்கன் என்ற குறுநில மன்னன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி முனிவர் நன்னூலைச் செய்தார். அதே நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் சோமேசுவரன் எங்கள் கண்ணனூரில் தலைநகர் வைத்து ஆண்டான். அவன் காலத்துப் போஜீஸ்வரர் கோயில் இன்னும் நிற்கிறது. அரண்மனை போன இடம் தெரியவில்லை, படை போன இடமும் தெரியவில்லை. நன்னூல் மட்டும் 1970-களிலும் வாரந்தவறாமல் மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியடில் எங்களைத் தேடி வந்தது.

அந்தப் பீரியடை எடுத்த தமிழய்யாவிடம் ஒரு வேப்பங்குச்சி இருந்தது. அம்மனுக்கும் அதே மரம், எங்களுக்கும் அதே மரம். பாடமுறை மிக எளிது. அவர் சூத்திரத்தைச் சொல்வார், நாங்கள் திரும்பச் சொல்வோம். பிறகு ஒருவனை எழுப்பிப் "பெயர்ச்சொல்லாவது யாதுடா?" என்பார். அவன், "காலம் காட்டாது, வேற்றுமை ஏற்கும், அய்யா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். எந்தச் சொல் காலம் காட்டவில்லை, எது வேற்றுமை ஏற்றது என்று அவனும் பார்க்கவில்லை, அய்யாவும் கேட்கவில்லை. விடை ராகத்தோடு வந்தால் குச்சி மேசையில் இருக்கும். ராகம் தப்பினால் குச்சி எழும்.

அடுத்த பீரியடில் இங்கிலீஷ் வாத்தியார் வந்து சொல்வகை எட்டு என்பார். எட்டு என்ற கணக்கு கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கர் டயோனிசியஸ் திராக்ஸிடமிருந்து இலத்தீன் வழியாக இங்கிலீஷுக்கு வந்து, கொள்ளிடம் தாண்டி எங்கள் வகுப்பு வரைக்கும் வந்திருந்தது. தமிழய்யா கணக்கில் பெயர், வினை, இடை, உரி என நான்குதான். தொல்காப்பியரைக் கேட்டால் இன்னும் சிக்கனம். சொல் என்பது பெயரும் வினையும்தான் என்று முடித்துவிட்டு, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து வருபவை என்று பிறகு சேர்ப்பார். ஒரே பெஞ்சில், ஒரே வெயிலில், உலகத்துச் சொற்களெல்லாம் பகல் இரண்டு மணிக்கு நான்காகவும் மூன்று மணிக்கு எட்டாகவும் இருந்தன. இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்குள் எந்தத் தகராறும் வந்ததாகத் தெரியவில்லை.

இங்கிலீஷ் வாத்தியார் கையில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் இருக்கும். அந்த ரென், பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப் படை நடத்தும் சாகசங்களை 'போ ஜெஸ்ட்' என்ற நாவலாக எழுதிய அதே பி. சி. ரென்தான். நாவலைக் கொடுத்திருந்தால் விடிய விடியப் படித்திருப்போம். எங்களுக்குக் கிடைத்தது அவருடைய இன்னொரு புத்தகம்.

வெளியிலிருந்து வரும் உதவிக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டையே கரையேற்றிய கோனார் உரை பிறந்ததே திருச்சியில்தான். தூய வளனார் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஐயன்பெருமாள் கோனார் எழுத, பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்டார்கள். தெப்பக்குளம் பக்கம் போகிறவரிடம் சொல்லிவிட்டால் சாயங்காலம் சத்திரம் பஸ்ஸில் வந்துவிடும். பேராசிரியர் பொறுமையாக விளக்கம் எழுதி, பொருள் சொல்லி, அதற்குப் பிறகே இலக்கணக்குறிப்பைத் தந்திருப்பார். நாங்கள் பின்பக்கத்திலிருந்து படிக்கிற கூட்டம். 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்' என்ற தொடரை மூச்சு வாங்காமல் சொல்லும் பையனுக்கு வகுப்பில் தனி மரியாதை. அதில் எதன் ஈறு, ஏன் கெட்டது என்று அவனிடம் யாரும் கேட்டு மரியாதையைக் குலைக்கவில்லை.

ஒரே ஒரு தடவை பாடம் புரிந்தது. அதற்குக் காரணம் பாடத்திட்டம் அல்ல, ஒலிபெருக்கி.

மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கும். அன்றிலிருந்து 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி விரதம் இருப்பாள். அவளுக்கு நீர்மோரும் பானகமும் இளநீரும் துள்ளுமாவும்தான் நைவேத்தியம். எங்களுக்கு அந்த நாள்களில் பரீட்சைத் திருப்புதல். பக்தர்கள் கூடை கூடையாகப் பூவோடு வந்துகொண்டே இருப்பார்கள். வெளியே மைக் அலறும். அய்யாவின் சூத்திரம் எங்கள் காதுக்கு வந்து சேராது. அன்றும் அப்படித்தான். மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "பச்சைப் பாவாடை கட்டிய பெண் குழந்தை ஒன்று இங்கே அழுதுகொண்டிருக்கிறது. பேர் சொல்லத் தெரியவில்லை. தொலைத்தவர்கள் உடனே வந்து பெற்றுக்கொள்ளவும்."

அய்யா சாக்பீஸைக் கீழே வைத்தார். "டேய், 'தொலைத்தவர்கள்'னு சொன்னாரே, அது பேரா, வினையா?"

தொலைத்தது நடந்து முடிந்த காரியம், அதனால் வினைதான் என்றது ஒரு கட்சி. ஆள்களைத்தானே கூப்பிடுகிறார், அதனால் பெயர் என்றது இன்னொரு கட்சி. அய்யா குச்சியைத் தேடவில்லை. "கத்தாதீங்கடா. ஒட்டிப் பாருங்க" என்றார். தொலைத்தவர்களை, தொலைத்தவர்களால், தொலைத்தவர்களுக்கு என்று நாங்களே வேற்றுமை உருபுகளை ஒவ்வொன்றாக ஒட்டினோம். எல்லாம் ஒட்டியது. "அப்ப பேர்தானே? ஆனா 'த்'னு உள்ள ஒண்ணு உட்கார்ந்து இறந்த காலத்தைக் காட்டுதே, அது எப்படி?" என்றார். வகுப்பு திகைத்தது. பெயர் காலம் காட்டாது என்று சொல்லும் நன்னூலார், தொழிலைக் குறித்து வரும் பெயர்களுக்கு அந்த இடத்திலேயே விலக்கும் வைத்திருக்கிறார். அந்தத் துண்டை நாங்கள் ராகத்தில் முழுங்கியிருந்தோம்.

"வினையால் அணையும் பெயர்டா அது" என்ற அய்யா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வேண்டிக்கொண்டவர், நடந்து வந்தவர், தீச்சட்டி சுமந்தவர், மொட்டை போட்டவர். தெரு முழுக்க வினையாலணையும் பெயர்களாகப் போய்க்கொண்டிருந்தது. பெயர் சொல்லத் தெரியாத அந்தக் குழந்தையின் புண்ணியத்தில் எங்களுக்குப் பெயர்ச்சொல் தெரிந்தது.

பரீட்சையில் கேள்வி வந்தது: 'வினையாலணையும் பெயராவது யாது?' மனப்பாடம் செய்த வரைவிலக்கணத்தை எழுதினோம். முழு மார்க். ஒட்டிப் பார்க்கத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே மார்க் என்பதால், மறு வாரம் அய்யாவும் சூத்திரத்துக்கே திரும்பிவிட்டார்.

பிற்காலத்தில் நானும் தமிழாசிரியனாகி, இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே வேலை பார்த்தேன். இலக்கணம் கற்பிக்கும் முறைகள் பூச்சொரிதல் கூடைகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. முதலில் ஃபிளானல் போர்டும் மின்னட்டையும். 2007 வாக்கில் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள், ஏணிப்படி, மைல்கல் என்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து தாமே ஏறிப் போனார்கள். மேல் வகுப்புகளுக்கு மனவரைபடம். நடுவில் ஒரு வட்டம், அதில் 'பெயர்ச்சொல்', வட்டத்திலிருந்து ஆறு கிளை. ஒவ்வொரு பிள்ளையும் தன் மனத்தில் தோன்றுவதை வரைய வேண்டும் என்றார்கள். எல்லாருடைய மனமும் கரும்பலகையில் இருந்ததை அப்படியே ஒத்திருந்தது. 2010-இல் சமச்சீர்க் கல்வி. 2018-இல் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு.

வேப்பங்குச்சி மட்டும் விடைபெற்றுக்கொண்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. அடி நின்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். மனம் நோகக் கூடாது என்பதில் பகுபத உறுப்பிலக்கணத்தையும் சேர்ப்பார்களா என்று ஆசிரியர் அறையில் ஒரு நாள் விவாதம் நடந்தது. சேர்க்கவில்லை.

பிறகு சுமையைக் குறைக்கும் காலம் வந்தது. பத்தாம் வகுப்பில் தமிழுக்கு இரண்டு தாள். 2019–20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாள் என்று அரசு அறிவித்தது. இலக்கணம் எங்கே போகும், செய்யுள் எங்கே போகும், எத்தனை மார்க் என்று ஆண்டு முழுக்கப் பேசினோம். மாதிரி வினாத்தாள்களை ஒட்டி வெட்டித் தயாரித்தோம். 2020-இல் கொரோனா வந்து அந்தப் பொதுத்தேர்வே ரத்தானது. எல்லாரும் தேர்ச்சி. முதல் ஒற்றைத்தாள் வருடத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் யாரும் இலக்கணத்தில் தோற்கவில்லை.

இப்போது என் பேத்தியின் முறை. இங்கிலீஷ் மீடியம். அவள் வகுப்பில் நான்கும் இல்லை, எட்டும் இல்லை. நேமிங் வேர்ட், ஆக்‌ஷன் வேர்ட், டிஸ்க்ரைபிங் வேர்ட் என்று மூன்று கலர். நேமிங் வேர்டுக்கு நீலம், ஆக்‌ஷனுக்குச் சிவப்பு. டேப்லெட்டில் சொல் வரும். விரலால் இழுத்து அந்தந்தக் கூடையில் போட்டால் நட்சத்திரம் வெடிக்கும்.

"தாத்தா, தேரோட்டம் எந்தக் கூடை?" என்றாள். சித்திரைத் தேர் பார்த்து வந்த மறுநாள் அது.

"நீ சொல்லு பாப்பா."

"ஆக்‌ஷன். ஓடுதுல்ல?"

அவளுடைய புத்தகத்தின்படி அவள் சொன்னது சரியான யோசனைதான். செயலைக் குறித்தால் ஆக்‌ஷன் வேர்ட் என்று படித்த பிள்ளை, அத்தனை பேர் வடம் பிடித்து இழுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வேறென்ன சொல்லும்? அதே கணக்கில் 'அழகு' டிஸ்க்ரைபிங் வேர்ட், 'பூச்சொரிதல்' ஆக்‌ஷன் வேர்ட். பொருளை வைத்துச் சொல்லைப் பிரித்தால் இந்தக் கதிதான். நன்னூலார் பிரித்த விதம் வேறு. அந்தச் சொல் என்ன குறிக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அதன் வாலில் என்ன ஒட்டும், உள்ளே காலம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் எழுதியது ஒரு சோதனை. அன்று நாங்கள் அதை மந்திரமாக்கினோம். இன்று அதை வண்ணப் பென்சிலாக்கியிருக்கிறோம்.

"ஐ சேர்த்துப் பாரு" என்றேன்.

"தேரோட்டத்தை... பார்த்தோம். கு சேர்த்தா தேரோட்டத்துக்கு... போனோம்." கொஞ்சம் யோசித்தாள். "ஓடியதை அப்படிச் சொல்ல முடியாதா?"

"ஓடியதை, ஓடியதுக்கு. முடியுதே?"

"அய்யய்யோ" என்றாள். எங்கள் வகுப்பு அன்று திகைத்த அதே இடத்தில் அவளும் வந்து நின்றாள், குச்சியும் மைக்கும் இல்லாமலே. அவளுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதற்குள் டேப்லெட், நேரம் முடிந்தது என்று அறிவித்து அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

இதில் பெரிய வேடிக்கை வேறு இடத்தில் நடக்கிறது. கணினிக்குத் தமிழ் கற்பிக்கிறவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் பெயரா வினையா என்று சீட்டு ஒட்டுவது. 'யுனிவர்சல் டிபென்டன்சீஸ்' என்று உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான திட்டம் ஒன்று உண்டு. அதில் சொல்வகை 17. தொல்காப்பியரின் இரண்டிலிருந்து கிளம்பி, பவணந்தியின் நான்கு, ரென்னின் எட்டு தாண்டி அங்கே வந்து நிற்கிறோம். அதற்குள் போன தமிழ்த் தொகுப்பு ஒன்றில் 600 வாக்கியங்களை இலக்கணம் குறித்து வைத்திருக்கிறார்கள். அது உருவான இடம் செக் நாட்டில், பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழகம். தமிழ்ச் சொல் பெயரா வினையா என்ற கவலை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இப்படிச் சீட்டு ஒட்டும் கணினிக் கருவி தமிழ்ச் சொல்லை எப்படி அடையாளம் காண்கிறது என்று விசாரித்தால், முன்னே எந்தச் சொல், பின்னே எந்தச் சொல், வாலில் ஒட்டியிருப்பது ஐ-யா கு-வா, உள்ளே காலம் காட்டும் எழுத்து உண்டா என்று பார்க்கிறது. 'தேர்' என்று தனியே கொடுத்தால் அதுவும் தயங்கும். 'தேரை' என்றால் பெயர் என்றும், 'தேர்ந்தான்' என்றால் வினை என்றும் பிடித்துக்கொள்ளும். எங்கள் அய்யா ஒரே ஒரு நாள் நடத்திய பாடத்தை அது தினமும் ஒழுங்காகச் செய்கிறது. மாணவனுக்கென்று பவணந்தி எழுதியதை இயந்திரம் கேட்டுக்கொண்டது. மாணவனிடம் நான்கு விடைகளைக் கொடுத்து, 'சரியானதைத் தேர்ந்தெடு' என்று சொல்லியிருக்கிறோம்.

ஆகவே நான் இப்போது ஒரு சிறிய பள்ளிக்கூடம் நடத்துகிறேன். அதற்குக் கட்டடம் இல்லை, அங்கீகாரம் இல்லை, ஆய்வுக்கு வரும் அதிகாரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தரிசன வரிசைதான் வகுப்பறை. பேத்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். காதில் விழும் சொல்லைப் பிடி, வாலில் ஐ-யும் கு-வும் ஒட்டிப் பார், 'நேற்று' என்றும் 'நாளை' என்றும் முன்னால் வைத்து மாறுகிறதா பார். அவ்வளவுதான் பாடத்திட்டம். முன்னால் நிற்கிற அக்காவும் பின்னால் நிற்கிற பெரியவரும் நடுவில் புகுந்து விடை சொல்வார்கள், சண்டையும் வரும். வரிசை ஓர் அடி நகர்வதற்குள் பத்துச் சொல் நகர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் பெயர்ச்சொல் தகராறாக இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஃபீஸ் எதுவும் இல்லை. சென்னை ரோட்டில் காரில் வருகிறவர்கள் சுங்கச்சாவடியில் கட்டுவதோடு சரி.